புரோட்டானைத் தட்டிப் பார்த்த கதை: சிகாகோவிலிருந்து பொட்டிபுரம் வரை

இந்த எபிசோடில் ஒரு மலை, ஒரு தங்கச் சுரங்கம், சிகாகோவில் ஒரு மெஷின், மதுரையில் 85 டன் எடையுள்ள ஒரு இரும்புப் பெட்டி, இத்தனையும் வரும். எல்லாத்தையும் சேர்க்கிற கயிறு ஒண்ணுதான்: புரோட்டானை அடிச்சா அது என்ன சத்தம் போடும்?

கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமா இருக்கலாம். இதுக்குப் பதில் தேடி 70 வருஷத்துக்கு மேல பலர் உழைச்சிருக்காங்க. அந்தப் பதில் தேனி மாவட்டத்துல ஒரு மலைக்குள்ளயும் தேவைப்பட்டிருக்கும். அந்த மலையை யாரும் குடையல. அது சரியா தவறாங்கிற சண்டையும் இன்னும் ஓயல.

கடம் செய்யறவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

மதுரையிலிருந்து ராமநாதபுரம் போற வழியில மானாமதுரை. கடம் செய்யற ஊர். சுட்டெடுத்த கடத்தை அவங்க விரலால தட்டிப் பார்ப்பாங்க. உள்ள விரிசல் இருந்தா, சுவர் ஒரு பக்கம் தடிமனா இருந்தா, சத்தம் காட்டிக் கொடுத்துடும். உடைச்சுப் பார்க்க வேண்டியதில்ல. தட்டினா போதும்.

ஒரு பொருளுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க இயற்பியல்காரங்களும் இதைத்தான் செய்யறாங்க. அணுவுக்கு ஆற்றல் கொடுத்தா, அதோட எலெக்ட்ரான் மேல் படிக்குத் தாவும். கீழ வரும்போது ஒளியை விடும். சோடியம் விளக்கோட மஞ்சள், நியான் விளக்கோட சிவப்பு எல்லாம் அந்தக் கணக்குதான். பள்ளிப் புத்தகத்துல இதைக் கிளர்வு நிலைன்னு படிச்சிருப்போம்.

அணுவுக்கு இது 1910-களிலேயே புரிஞ்சாச்சு. அணுக்கருவுக்குள்ள இருக்கிற புரோட்டானும் நியூட்ரானும்? இந்த ரெண்டுக்கும் பொதுப் பெயர் நியூக்ளியான். 1950 வரைக்கும் பெரும்பாலானவங்க நியூக்ளியானை அடிப்படைத் துகள்னுதான் நினைச்சாங்க. அடிப்படைத் துகளுக்கு உள்ளே பாகம் கிடையாது. பாகம் இல்லாததைத் தட்டினா தனிச் சத்தம் எதுக்கு வரணும்?

ஆனா வந்துச்சு.

சிகாகோ, 1951

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகு என்ரிகோ ஃபெர்மி சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்தார். அணு உலையை முதன்முதலா ஓட்டிக் காட்டிய அதே ஃபெர்மி. 1951-ல அங்கே ஒரு புது சிங்க்ரோசைக்ளோட்ரான் ஓட ஆரம்பிச்சுது. புரோட்டான்களைச் சுற்றிச் சுற்றி வேகப்படுத்தி 450 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் ஏத்துற மெஷின். அந்தப் புரோட்டான்கள் ஒரு இலக்குல மோதினா பையான்கள் பிறக்கும். அந்தப் பையான்களைக் கற்றையாக்கி, திரவ ஹைட்ரஜன் மேல அடிக்கலாம். ஹைட்ரஜன் அணுக்கரு என்பது ஒரே ஒரு புரோட்டான். ஆக, இது பையானும் புரோட்டானும் நேருக்கு நேர் மோதும் சோதனை.

நோபல் பரிசு வாங்கி 13 வருஷம் ஆன மனுஷன், மெஷினுக்குள்ள இலக்கை நகர்த்த ஒரு குட்டித் தள்ளுவண்டியைத் தானே செஞ்சு போட்டார். 'ஃபெர்மி டிராலி'ன்னே அதுக்குப் பேர். அவரும் ஹெர்பர்ட் ஆண்டர்சனும் அவங்க குழுவும் பையான் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, எத்தனை பையான் சிதறுதுன்னு எண்ணினாங்க.

ஆற்றல் ஏற ஏற மோதல்களும் சட்டுன்னு ஏறிச்சு. அதுவும் பாசிட்டிவ் பையான்கள் நெகட்டிவ் பையான்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு அதிகமா மோதின. இந்த 3-க்கு 1 கணக்கு தற்செயல் இல்ல. பையானும் புரோட்டானும் ஒட்டி, ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் ஒரு புது நிலைக்குப் போகுதுன்னு வெச்சா மட்டும்தான் இந்தக் கணக்கு ஒத்து வரும். கீத் ப்ரூக்னர் அதைத்தான் சொன்னார். ஃபெர்மி நிதானமானவர், உடனே கொடி பிடிக்கல. அவர் மெஷின் அந்த மேட்டோட உச்சி வரைக்கும்தான் எட்டிச்சு. உச்சிக்கு அந்தப் பக்கம் இறங்குதுன்னு பிற்பாடு பெரிய மெஷின்கள் உறுதி செஞ்சப்போ சந்தேகம் தீர்ந்தது.

அந்த நிலைக்கு இன்னைக்கு டெல்டான்னு பேர். புரோட்டானோட நிறை ஆற்றல் கணக்கில் 938 மெகா எலெக்ட்ரான் வோல்ட். டெல்டாவுக்கு 1232. அதாவது தட்டு வாங்கின புரோட்டான் 31 சதவீதம் கனமாகிடுது. ஹைட்ரஜன் அணுவைக் கிளர்வு நிலைக்குக் கொண்டுபோனா நிறை கூடும், ஆனா பத்து கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான். 70 கிலோ ஆள் ஒரு அடி வாங்கினதும் 92 கிலோ ஆன மாதிரி இது. சக்தியும் நிறையும் ஒண்ணுன்னு ஐன்ஸ்டீன் சொன்னதை இவ்வளவு பச்சையா வேற எங்கயும் பார்க்க முடியாது.

வாழ்நாள்? தசமப் புள்ளிக்கு அப்புறம் 23 பூஜ்ஜியம் போட்டு, அதுக்கப்புறம் 5-ன்னு எழுதினா எத்தனை நொடியோ, சுமாரா அத்தனை. ஒளி ஒரு புரோட்டானோட அகலத்தைக் கடக்கிற நேரம்தான் அது. பிறந்ததும் பையானாவும் நியூக்ளியானாவும் பிரிஞ்சிடும். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலிக்காது. விரிசல் விட்ட பானை மாதிரி 'டொக்'னு முடிஞ்சிடும். சீக்கிரம் அடங்குற சத்தத்துக்கு சுருதி துல்லியமா இருக்காது. அதனாலதான் டெல்டாவோட மேடு கூர்மையா இல்லாம சுமார் 117 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குப் பரந்து கிடக்கு.

ஒரு சத்தம் கிளப்பின தலைவலி

டெல்டாவுக்கு 4 உருவம். அதுல ஒண்ணுக்கு மின்னேற்றம் 2. புரோட்டானைப் போல ரெண்டு மடங்கு. 1964-ல குவார்க் கருத்து வந்தப்போ இதோட விளக்கமும் வந்தது: மூணு 'அப்' குவார்க், மூணும் ஒரே பக்கம் சுழலுது.

இங்கதான் சிக்கல். ஒரே மாதிரியான மூணு குவார்க், ஒரே நிலையில, ஒரே சுழற்சியோட இருக்கவே கூடாது. பவுலி விதி அதைத் தடுக்குது. ஒரே ரயில்ல ஒரே பெர்த்தை மூணு பேருக்குக் கொடுத்த மாதிரி. அப்போ ஒண்ணு விதி தவறு, இல்லைன்னா அந்த மூணு பேருக்கும் நடுவுல நமக்குத் தெரியாத ஒரு வித்தியாசம் இருக்கணும். 1964-ல ஆஸ்கர் கிரீன்பெர்க், அடுத்த வருஷம் ஹானும் நம்புவும் ரெண்டாவது வழியில போனாங்க. அந்தத் தெரியாத வித்தியாசத்துக்குத்தான் பிற்பாடு 'நிறம்'னு பேர் வந்தது. குவார்க்குகளை ஒட்ட வைக்கிற வன்விசைக் கோட்பாடு முழுக்க அந்த நிறத்தின் மேல கட்டினதுதான். புரோட்டானைத் தட்டாம இருந்திருந்தா அது தெரிய வர இன்னும் எத்தனை காலமோ.

அதே 1964-ல இன்னொரு சம்பவம். கோடு எழுதறவங்களுக்கு இது பிடிக்கும். டேவிட் ரோப்பர்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், பல சோதனைகளோட பையான் சிதறல் டேட்டாவை எடுத்துக்கிட்டு லிவர்மோர் ஆய்வகத்து கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தார். கலந்து கிடக்கிற அலைகளைக் கணக்கால தனித்தனியாப் பிரிக்கிற வேலை. பிரிச்சப்போ, யாரும் எதிர்பார்க்காத ஒரு நிலை எட்டிப் பார்த்தது. வெறும் கிராஃபைப் பார்த்தா அங்கே மேடே கிடையாது. புரோகிராம் கோளாறோன்னு அதை ஒழிச்சுக்கட்டப் பார்த்தார். அது போகல. 1440 மெகா எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்துல இருக்கிற அதுக்கு இன்னைக்கு ரோப்பர் ரெசனன்ஸ்னு பேர். ரெசனன்ஸ்னா நம்ம புத்தகத்து ஒத்ததிர்வு. குவார்க் கணக்குப்படி இவ்வளவு குறைந்த ஆற்றலில் அது இருக்கக் கூடாது. ஏன் இருக்குன்னு புரிஞ்சுக்க அரை நூற்றாண்டு ஆச்சு. அமெரிக்காவோட ஜெஃபர்சன் ஆய்வகத்துல எலெக்ட்ரானால புரோட்டானைத் தட்டித் தட்டி எடுத்த டேட்டா அதுக்குப் பெரிய அளவுல உதவிச்சு.

தங்கச் சுரங்கத்துல ஒரு பேய்த் துகள்

இப்போ நம்ம பக்கம் வருவோம். கோலார் தங்கவயல். படத்தால பலருக்குத் தெரிஞ்ச பேர். அதுக்கு ரொம்ப முன்னாடியே, வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தலைமுறை தலைமுறையா அங்கே தரைக்கடியில வேலை பார்த்தாங்க. அவங்க வெட்டின ஆழம்தான் இந்திய அறிவியலுக்கு ஒரு வாசலைத் திறந்தது.

விண்வெளியிலிருந்து வர்ற புரோட்டான்கள் நம்ம காற்று மண்டலத்துல மோதும். அது இயற்கையே நடத்துற மோதல் சோதனை. பையான் பிறக்கும். பையான் சிதைஞ்சு மியூவானும் நியூட்ரினோவும் வரும். நீங்க இதைக் கேட்கிற இந்த நிமிஷம் உங்க விரல் நகம் அளவு இடத்துல சுமார் ஒரு மியூவான் கடந்து போகும். நியூட்ரினோவோ எதையும் தொடாம பூமியையே துளைச்சுப் போயிடும். அபூர்வமா எங்கேயாவது ஒண்ணு மோதும். அந்த ஒரு மோதலைப் பார்க்கணும்னா மியூவான் மழைக்குக் குடை வேணும். பாறையை விடப் பெரிய குடை இல்ல.

டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோட சேர்ந்து, தங்கவயல்ல 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வெச்சுது. 1965-ல, காற்று மண்டலத்துல பிறந்த நியூட்ரினோவோட மோதலை அங்கே பதிவு செஞ்சாங்க. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துல அதே வேலையைச் செஞ்ச பிரெடெரிக் ரைனஸ் குழுவோட கட்டுரையும் அதே ஆகஸ்ட்ல, சில நாள் வித்தியாசத்துல வந்தது. உலகத்துக்கே முன்னாடி நின்ன தருணம் அது. பிறகு தங்கம் குறைஞ்சது. சோதனைகள் நின்னுபோச்சு. 2001-ல சுரங்கத்தையே மூடிட்டாங்க.

மலைக்குள்ள ஏன் டெல்டா?

சுரங்கம் போனதும் வேற இடம் தேடினாங்க. அதுதான் இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம். முதல்ல நீலகிரியில சிங்காரா. முதுமலை யானைகள், புலிகள் பகுதின்னு 2009-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அடுத்துத் தேனி மாவட்டம், பொட்டிபுரம் பக்கத்துல போடி மேற்கு மலை. உள்ளூர்ல அம்பரப்பர் மலைம்பாங்க. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதோட முடிவுல ஒரு குகை, அதுல 50,000 டன்னுக்கு மேல காந்தமாக்கப்பட்ட இரும்புத் தகடுகள். நிர்வாகமும் ஆராய்ச்சியும் மதுரையில, தேனி ரோட்டுல வடபழஞ்சிப் பக்கம். 2015 ஜனவரியில சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு ஒப்புதல் வந்த செய்தி வெளியாச்சு.

நியூட்ரினோ மூணு வகை, அதுல குறைந்தது ரெண்டுக்கு நிறை உண்டு. எது கனம், எது லேசுங்கிற வரிசை தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் நோக்கம். அதுக்கு உள்ள வந்த நியூட்ரினோவோட ஆற்றல் தெரியணும். நியூட்ரினோவை நேர்ல பார்க்க முடியாது. அது இரும்பு அணுக்கருவுல மோதினதும் சிதறுற துண்டுகளைக் கூட்டித்தான் ஆற்றலைக் கணக்கிடணும்.

இங்கதான் நம்ம டெல்டா திரும்ப வருது. இந்த ஆற்றல் அளவுல நியூட்ரினோ ஒரு நியூக்ளியானைத் தட்டினா, பல சமயம் அது டெல்டாவாகவோ வேறொரு கிளர்வு நிலையாகவோ ஆகும். உடனே பையானை விடும். அந்தப் பையான் அதே அணுக்கருவை விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே விழுங்கப்படலாம். அப்படி நடந்தா கணக்குல ஆற்றல் குறையும். சர்வர் லாக்ல சில வரி காணாம போன மாதிரி. காணாம போனதே தெரியலைன்னா கடைசி விடை நம்பிக்கையோட தப்பா வரும்.

அதைச் சரிக்கட்ட, எந்த நிலை எத்தனை தடவை கிளம்பும்னு முன்கூட்டியே தெரியணும். 1981-ல ஜெர்மனியின் ஆகன் நகரில் டீட்டர் ரைன், லலித் சேகல் ரெண்டு பேரும் 18 கிளர்வு நிலைகளைச் சேர்த்து ஒரு மாதிரியை உருவாக்கினாங்க. நியூட்ரினோ மோதல்களை சிமுலேட் பண்ற மென்பொருள்களுக்குள்ள அது பல பத்தாண்டா ஓடிக்கிட்டு இருக்கு. ஃபெர்மி எண்ணின பையான்கள், ரோப்பர் பிரிச்ச அலைகள் எல்லாம் அந்தக் கோடுக்குள்ள ஒரு அட்டவணையா உட்கார்ந்திருக்கு. பொட்டிபுரத்துக்கான சிமுலேஷன்களும் இந்த வகை மென்பொருள் மேலதான் நடந்தது.

ஊர் கேட்ட கேள்வி

சரி, ஊர்ப்பக்கம் என்ன நடந்தது? 'நியூட்ரினோ' என்ற பேர், அணுசக்தித் துறைங்கிற முகவரி, கூடங்குளம் போராட்டம் மனசுல ஆறாத காலம். கதிர்வீச்சு வரும், அணுக்கழிவு கொட்டுவாங்கன்னு பயம் பரவிச்சு. அந்தப் பயத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்ல. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியா 6,000 கோடிக்கு மேல நியூட்ரினோ போகுது. டிடெக்டர் கடந்து போற நியூட்ரினோக்கள்ல சொற்பத்தை எண்ணும், அவ்வளவுதான்.

ஆனா ஊர் கேட்டது அது மட்டும் இல்ல. பாறையை வெடி வெச்சுத் தகர்த்தா நிலத்தடி நீர் என்னாகும்? தோண்டின கல் எங்கே போகும்? ஆடுமாடு மேய்க்கிற மலைக்கு வேலி போட்டா எங்கே போறது? கேரள எல்லையில மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள்ள இருக்கே? இவை எல்லாம் நியாயமான கேள்விகள். 'நியூட்ரினோ ஆபத்தில்லை' என்பது இதுல ஒண்ணுக்குக்கூடப் பதில் இல்ல. ரெண்டு தரப்பும் பல வருஷம் ஒருத்தர் கேட்காத கேள்விக்கு இன்னொருத்தர் பதில் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

வழக்குகள் வந்தன. 2015 மார்ச்சில் வைகோ போட்ட வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாம வேலை தொடங்கக் கூடாதுன்னு சொன்னது. 2017-ல பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வெச்சது. பூங்கா அவ்வளவு பக்கத்துல இருக்கிறப்போ ஆய்வு சரியான வழியில நடக்கலைங்கிறது முக்கியக் காரணம். 2018-ல மத்திய அமைச்சகம் சிறப்பு நேர்வா மறுபடி அனுமதி கொடுத்தது. தீர்ப்பாயம் அதை ஏத்துக்கிட்டாலும், காட்டுயிர் வாரிய அனுமதி கட்டாயம்னு சொல்லிடுச்சு. 2022 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துல இந்தத் திட்டம் வேண்டாம்னு தெளிவாச் சொன்னது. மேற்குத் தொடர்ச்சி மலையும் புலிகளோட வழித்தடமும் அதுல சொன்ன காரணங்கள்.

இதுக்கு நடுவுல உலகம் காத்திருக்கல. அதே நிறை வரிசைக் கேள்விக்காக சீனாவோட ஜூனோ டிடெக்டர், தரைக்குக் கீழே 700 மீட்டரில், 2025 ஆகஸ்டில் டேட்டா எடுக்க ஆரம்பிச்சிடுச்சு.

மதுரையில மிச்சம் இருக்கிறது

முழுசா எல்லாம் போயிடல. அந்த மாபெரும் டிடெக்டரோட 600-ல் ஒரு பங்கு மாதிரி மதுரையில இருக்கு. மினி ஐகால்னு பேர். 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுல 11 இரும்பு அடுக்கு. நடுவுல கண்ணாடித் தகடுகளுக்குள்ள வாயு அடைச்ச உணர்விகள். சுற்றிக் காப்பர் கம்பிச்சுருள். மின்சாரம் பாய்ஞ்சா இரும்பு காந்தமாகும். 2018-லிருந்து மேலிருந்து வர்ற மியூவான்களோட தடத்தை அது பதிவு செய்யுது. பாறைக் குடை இல்ல, அதனால நியூட்ரினோவை அதால பிரிச்சுப் பார்க்க முடியாது.

இப்போ அதைச் சுற்றி நடக்கிற வேலைதான் எனக்குச் சுவாரசியம். பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஒளிர்விப் பட்டைகளால ஒரு கவசம். வெளியிலிருந்து மியூவான் நுழைஞ்சா அது முதல்ல மினுக்கிக் காட்டும். அந்த நிகழ்வைக் கணக்குலேர்ந்து தள்ளிடலாம். இலக்கு 99.99 சதவீதம். அதாவது 10,000 மியூவான் வந்தா ஒண்ணுக்கு மேல தப்பக் கூடாது.

இது ஏன் முக்கியம்? 100 மீட்டர் பாறை மியூவான்களை 100-ல் ஒண்ணாக் குறைக்கும். இந்தக் கவசம் அதை இன்னும் 10,000-ல் ஒண்ணாக் குறைக்கும். ரெண்டையும் பெருக்கினா 10 லட்சத்தில் ஒண்ணு. ஒரு கிலோமீட்டர் மலை தர்ற பாதுகாப்பும் ஏறக்குறைய அதேதான். அப்போ ஒரு பெரிய மலையை 2 கிலோமீட்டர் குடைய வேண்டிய அவசியமே இல்லாம போகலாம். காட்டிலிருந்து தள்ளி, ஆழம் குறைஞ்ச ஒரு இடம் போதும். பாறை வழியா வர்ற சில்லறைத் துகள்கள் மாதிரி வேற தொல்லைகளும் உண்டு, அதையும் சமாளிக்கணும். ஆனாலும் இது ஒரு வழி.

2010-ல இந்த வழி கையில இருந்திருந்தா பொட்டிபுரம் வரைக்கும் போக வேண்டியிருந்திருக்குமாங்கிற கேள்வி நியாயமானது. தொழில்நுட்பம் வளர நேரம் எடுத்தது உண்மை. 'மலை ஒண்ணுதான் வழி'ங்கிற இடத்துலேயே எல்லாரும் நின்னுட்டதும் உண்மை. ஊர் மறுத்ததாலதான் இன்னொரு வழியைத் தேடுறதுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததுன்னு நான் நினைக்கிறேன். இதை விஞ்ஞானிகளோட தோல்வின்னோ ஊரோட அறியாமைன்னோ எழுதிட்டுப் போறது சுலபம். ரெண்டுமே பாதிக் கதை.

அடுத்த முறை ஒரு இடம் பார்த்தாங்கன்னா, வரைபடத்தோட ஒரு நல்ல தமிழ் விளக்கமும் முதல் நாளே அந்த ஊருக்குப் போகணும். நியூட்ரினோன்னா என்னங்கிறதோட, எத்தனை லாரி கல் வெளிய போகும், கிணத்துத் தண்ணியை யார் அளப்பாங்கங்கிறதும் அதுல இருக்கணும்.

தேனி, போடி, கம்பம் பக்கமிருந்து கேட்கிறவங்க இந்தக் கதையில நாங்க விட்டதை எழுதுங்க. குறிப்பா அந்த வருஷங்கள்ல ஊர்க்கூட்டத்துல உட்கார்ந்தவங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.